யார் கையும் படாமல்

காலை ஆறேகாலுக்கு எபினேசர் விசில் அடிப்பார்.
பதினொன்றாம் மாடி வரை கேட்கும்.
பச்சை டப்பா, நீல டப்பா, பேட்டரி வண்டி எல்லாம் உண்டு,
தரம் பிரிப்பது என்னவோ விரல்தான்.
தூக்கம் கெடுகிறதென்று சங்கத்துக்கு எட்டுக் கடிதம் போயிற்று.
ஒன்று என்னுடையது.

ஒருநாள் கட்டைவிரலைக் காட்டினார்.
"யார் வீட்டு ஊசின்னு தெரியல சார்.
ராயப்பேட்டைல ரத்தம் எடுத்திருக்காங்க,
மூணு மாசம் கழிச்சு மறுபடி வரணுமாம்."
பி பிளாக்கில் இன்சுலின் போடுகிறவர்கள் நான்கு பேர்.
நால்வரில் ஒருவன் பேப்பர் கப்பில் காபி கொடுத்தேன்.
கப்பையும் அவரே வண்டியில் போட்டுக்கொண்டு போனார்.
மூன்று மாதம் கழித்துக் கேட்க மறந்துவிட்டேன்.

பிறகு குழாய் வந்தது.
ஒவ்வொரு மாடியிலும் சுவரில் ஓர் இரும்பு வாய்.
போட்டதைத் தரைக்கடியில் காற்று இழுத்துக்கொண்டு ஓடும்,
மணிக்கு எழுபது கிலோமீட்டர்;
ஓ.எம்.ஆரில் நான் ஒருநாளும் போகாத வேகம்.
விசில் இல்லை.
லிஃப்டில் சொட்டும் மீன் கழுவிய தண்ணீர் இல்லை.
இனி யார் கையும் படாதென்று
பொதுக்குழுவில் நான்தான் பேசினேன். கைதட்டினார்கள்.

பொய்யில்லை அது.
ராத்திரி ஊசியைக் கழற்றிப் போட்டால்
கொஞ்ச நேரத்தில் உஸ்ஸென்று ஒரு சத்தம்.
அந்தச் சத்தத்துக்குப் பிறகு எனக்கு நல்ல தூக்கம்.
மறுமுனையில் லாரி நிற்பதையும்
லாரி போவது அதே பெருங்குடிக்கு என்பதையும்
யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆயுத பூஜைக்கு மறுநாள் குழாய் அடைத்தது.
யாரோ உடைத்த பூசணியை
குங்குமமும் சில்லறையுமாக அப்படியே உள்ளே தள்ளியிருக்கிறார்கள்.
வெளிநாட்டுக் காற்று ஊதியும் பார்த்தது, உறிஞ்சியும் பார்த்தது.
கம்பெனிக்காரர்கள் லீவில்.
வாட்ச்மேன் யாருக்கோ போன் போட்டான்.

இரவு எட்டேகால். இன்டர்காம்.
"சார், எபினேசர் பேசறேன். கீழ பார்க்கிங்ல இருக்கேன்.
அரை மணி நேரம் யாரும் எதுவும் போடாதீங்க.
கை உள்ள இருக்கும்."

சாப்பாட்டுக்கு முன் போட்டுக்கொண்ட ஊசி
என் விரலிடுக்கில் அப்படியே.
மீதி மூன்று பேரும் சாப்பிட உட்காரும் நேரம்.
இன்டர்காமை ஒருவரும் எடுக்கவில்லை.
மாடி மாடியாக இறங்கிக் கதவைத் தட்டுகிறேன்,
கையில் ஒரு விசில்கூட இல்லாமல்.
ஏழாம் மாடியில்
டிவி சத்தம்.