அறுநூறாவது புள்ளிக்குக் கீழே

என் வேலை என்னவென்று சொன்னால்
மச்சினன் சிரிக்கிறான்.
பத்து அங்குலத் திரையில்
பெரிய மென்பொருள்களைத் திறந்து பார்ப்பது.
எது அடங்குகிறது, எது வழிகிறது.
அவ்வளவுதான்.

அகலம் ஆயிரத்து இருபத்து நான்கு புள்ளி.
உயரம் அறுநூறு.
அதிலும் மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை
வாரம் வாங்கிக்கொண்டு போய்விடும்.
மிச்சம்தான் நமக்கு.

சால்தோவில் ஜூலைக் குளிர்.
ஆரஞ்சுக் கூட்டுறவின் பொதிகூடத்தில்
ஒரு கால் குட்டையான மேசை கொடுத்தார்கள்.
சுடுநீர்க் குடுவையைக் கக்கத்தில் இடுக்கி
மாத்தே உறிஞ்சியபடி
சாளரம் சாளரமாகத் திறந்தேன்.

அச்சு அமைப்பு: அடங்கியது.
சரக்குப் பட்டியல்: முக்கி முனகி அடங்கியது.
எடைச்சீட்டு:
குருவி தலையில் பனங்காய்.
எழுநூற்று நாற்பது புள்ளி உயரம்.
உருட்டவும் வராது, சுருக்கவும் வராது.
'சேமி' பொத்தான்
மேசைக்கு அடியில், என் முழங்கால் பக்கம்
எங்கோ இருக்க வேண்டும்.

பயன்படுத்த முடியாது என்று எழுதிக்கொண்டேன்.

அடுத்த மேசையில் நெலிடா தெச்சேரா
அதே சாளரத்தில்
நாளுக்கு இருநூறு சீட்டு போட்டுக்கொண்டிருந்தாள்.
மகன் பள்ளிக்குத் தூக்கிப்போன மடிக்கணினி.
'எஸ்' விசை கழன்று வெறும் ஈறு.
எப்படி, என்று கேட்டேன்.
திரும்பாமலே சொன்னாள்:
"கடைசிக் கட்டம் நிரப்பியதும் டேப் ஆறு தடவை.
அப்புறம் என்டர்."

பொத்தானைப் பார்த்ததே இல்லையா?

"இல்லை. என்ன நிறம்?"

நான்கு அறுவடை.
இருட்டில் ஆறு அடி எண்ணி நடந்து
கண்ணால் காணாத கதவை
தினம் இருநூறு முறை திறந்திருக்கிறாள்.
"முதல் வாரம் ஐந்திலேயே நிறுத்திவிட்டேன்.
ஒரு லாரி ஆரஞ்சு
கணக்கில் பிறக்கவே இல்லை."

அறிக்கை மொண்டேவீடியோவுக்குப் போனது.
எபர் உடனே எழுதினான்:
என்னிடம் நன்றாகத்தானே தெரிகிறது.
படமும் வைத்திருந்தான்.
இரண்டு திரை, ஒவ்வொன்றும் ஒரு கதவு அகலம்.
நடுவில் எங்கள் எடைச்சீட்டு,
ஆட்டம் முடிந்த மைதானத்தில்
யாரோ விட்டுப்போன நாற்காலி.

நான் வாதாடவில்லை.
என் பத்து அங்குலத்தைக் கம்பளியில் சுற்றி
இரவுப் பேருந்தில் அவனுக்கே அனுப்பிவைத்தேன்.
மூன்று நாள் சத்தமில்லை.
நாலாம் நாள் ஒரே வரி:
வில்மார், இதிலிருந்து எப்படி வெளியே வருவது?

ஆகஸ்டில் திருத்தம் வந்தது.
வெற்றிடங்களைப் பிழிந்து
முகவரிக் கட்டங்களை மடித்து வைத்து
ஐந்நூற்று இருபதுக்குள் எல்லாம்.
'சேமி' வலது மேல்மூலையில்
பச்சையாக உட்கார்ந்திருந்தது.
மேலாளர் கைதட்டினார்.
நெலிடா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"நான் சிவப்பு என்று நினைத்திருந்தேன்."

முதல் சீட்டு.
நாற்பது பெட்டி வலென்சியா.
கண் பச்சையைப் பார்த்தபடி இருக்க
கை தன் வழக்கத்துக்குப் போனது.
டக் டக் டக்
டக் டக் டக்
என்டர்.

ஆறாவது இடத்தில் இப்போது 'அழி' இருந்தது.

வெளியே லாரியில் நாற்பது பெட்டியும் இருந்தன,
வாசல்வரை மணத்துக்கொண்டு.
திரையில் ஒன்றுமில்லை.
நெலிடா தன் விரல்களை
வேறு யாருடையவோ போலப் பார்த்தாள்.
மேலாளருக்குத் திடீரென்று தொலைபேசி வந்தது.

மாத்தே ஆறிவிட்டிருந்தது.
புதிய அறிக்கை திறந்தேன்.

பிரச்சினை: எல்லாம் திரைக்குள் அடங்குகிறது.
கடுமை: அதிகம்.
மீண்டும் நிகழ்த்திப் பார்க்க:
நான்கு ஆண்டு இருட்டில் நடக்கவும்.
பிறகு, சொல்லாமல்,
விளக்கைப் போடவும்.