ஏழாம் பிரிவு

கிழக்குக் கென்டக்கி. மலையிடுக்கில் ஒரே தெரு.
எட்டு வீடு, நான்கில்தான் ஆள்.
நவம்பர் மழையில் ட்ரெய்லரைப் பின்னுக்கு ஓட்டி
வெர்னா கௌடில் வாசலில் இறக்கினேன்:
சினையாடு ஒன்று, உப்புக்கட்டி ஒன்று,
இருபத்தாறு பக்கக் கையேடு ஒன்று.

தானம் கொடுத்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம்.
எங்கள் பயிற்சியில் முதல் பாடமே அதுதான்.
வெர்னா வாயைத் திறந்து பார்த்தாள்.
"மேல்வரிசையே காணோமே, ஏமாத்தப் பாக்கறியா?"
ஆட்டுக்கு மேலே முன்பல் கிடையாது. பக்கம் மூன்று.
எனக்கும் அங்கேதான் தெரியும்.

"உங்க ஊர்ல வீட்டுக்கு வீடு ஆடு மாடாமே?"
அண்ணாநகர், நாலாம் மாடி.
பாக்கெட்டின் மூலையைக் கத்தரிப்பதே
நான் கண்ட பால் கறவை.
சொல்லவில்லை. தலையை ஆட்டிவைத்தேன்.

உள்ளறையில் ராய்ஸ்.
நிலக்கரிச் சுரங்கத்தில் இருபத்தொன்பது வருஷம்.
மூக்கில் குழாய், கட்டிலடியில் ஆக்சிஜன் இயந்திரம்.
"இனாமா?" மூச்சு. "வேண்டாம்."
இனாமில்லை. ஏழாம் பிரிவைப் படித்துக் காட்டினேன்:
முதலில் ஈனும் பெட்டைக்குட்டி
பட்டியலில் அடுத்த வீட்டுக்கு.
"அப்போ கடன்" என்று
பேனாவை வாங்கிக்கொண்டார்.

செவ்வாய்தோறும் போனேன்.
குளம்பு சீவினோம். கீழிமையைப் புரட்டினோம்.
சிவந்திருந்தால் நலம்.
வெளுத்திருந்தால் உள்ளே புழு ரத்தம் குடிக்கிறது.
ஒத்துப் பார்க்க, ஐந்து நிறம் அச்சிட்ட அட்டை.
ஒருநாள் ராய்ஸ்
தன் இமையைத் தானே இழுத்துக் காட்டி
"நான் எத்தனாவது?" என்றார்.
அட்டையைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

மார்ச்சில் ஈன்றது. கிடா ஒன்று, பெட்டை ஒன்று.
கிடா அரைமணியில் எழுந்து நின்றது.
பெட்டைக்குக் கால் ஊன்றவில்லை.
வியாழன் தாண்டாது என்று நான்தான் சொன்னேன்.
வெர்னா அதைத் துண்டில் சுற்றி
ராய்ஸின் போர்வைக்குள் செருகினாள்.
இரண்டு மணிக்கொருதரம் சீம்பால், சொட்டுச் சொட்டாய்.
அந்தப் பெரிய இழுப்புக்குப் பக்கத்தில்
ஒரு சின்ன இழுப்பு.

வெள்ளிக்கிழமை எழுந்து
குழாயைக் கடிக்கப் போனது.
பெயர்: வியாழன்.
என்னைக் குத்திக்காட்டத்தான்.

ஜூன். பட்டியலில் அடுத்த பெயர்
ஹோமர் ஸ்டேம்பர், ஓடைக்கு அந்தப் பக்கம்.
முப்பத்தெட்டு வருஷம் முன்பு, வேலைநிறுத்தத்தின்போது,
மறியலைத் தாண்டி உள்ளே போனவர்.
அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.
இப்போது அங்கே வேலையும் இல்லை;
மகள் விட்டுப்போன இரண்டு பிள்ளைகள்.

பெயரை மாற்றலாம்.
அலுவலகத்தில் யாரும் கேட்கமாட்டார்கள்.
"மாத்திடவா?"
ராய்ஸ் பேசவில்லை. இயந்திரம்தான் பேசிக்கொண்டிருந்தது.
கடைசியில்,
"அவன் வேலி எதுக்கும் ஆகாது.
அதை முதல்ல சரிபண்ணச் சொல்லு."

வெர்னாவே பாலத்தில் இழுத்துப் போனாள்.
பாதி வழியில் உட்கார்ந்துகொண்டது வியாழன்;
மீதி தூரம் தோளில்.
பிள்ளைகளுக்குக் குட்டியின் வாயைத் திறந்து காட்டினாள்.
"மேல்வரிசை இருக்காது. ஏமாத்திட்டாங்கன்னு நினைக்காதீங்க."
பிறகு ஹோமரிடம்,
"கையைத் தேய்ச்சுச் சூடாக்கிட்டுத் தொடு."
அது கையேட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

ஹோமர் தேய்த்துக்கொண்டார். இமையைப் புரட்டினார்.
"சிவப்பு."
"ம்."
"ராய்ஸ் அனுப்பினானா?"
"ஏழாம் பிரிவு அனுப்பிச்சுது."

இரண்டு கையெழுத்து வாங்கினேன்.
ட்ரெய்லர் காலி; மேட்டில் கடகடத்தது.
பின்கண்ணாடியில் ஹோமர்
வேலிக்கம்பி ஒன்றை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்,
விடாமல்,
ஆடும் பல்லைப் பார்ப்பதுபோல.