உள்துணியில் சிவப்பு நூல்

பிரன்ஸ்விக் சூளையிலிருந்து லாரிகள் கிளம்பும் நேரத்தில்
காலுறை ஆலைக்கு நடந்துபோவேன்.
தார்ப்பாய் விலகினால் தெரியும்
புத்தம்புதுச் செங்கல்,
இன்னும் எந்த வீடாகவும் இருந்திராத செங்கல்.
நின்று பார்ப்பேன்.
தாமதத்துக்குக் கால்மணிக் கூலி பிடிப்பார்கள்.
பிடிக்கட்டும்.

ஹாம்பர்கில் என் கைக்கு வந்ததெல்லாம்
முன்பே சுவராக இருந்தவை.
சுத்தியலால் பழைய சாந்தைக் கொத்திக் கொத்தி
மூன்று வருடம்.
ஒரு கல்லில் பூப்போட்ட சுவர்த்தாள் ஒட்டியிருந்தது,
யாருடைய படுக்கையறையோ.
பக்கத்தில் நின்ற ட்ராவுடெ அதை நக்கிப் பார்த்தாள்.
பசை, மாவில் காய்ச்சியதாம்.
சிரித்தோம்.
பிறகு நானும் நக்கினேன்.

இதையெல்லாம் யார் கேட்டாலும் சொல்வேன்.
மதிய மணி அடித்ததும்
இத்தாலிக்காரி நுன்ட்சியாவிடம் சொல்லியிருக்கிறேன்:
நெருப்பு பெய்த ஜூலை இரவு,
கோட்டைக் கால்வாயில் முக்கித் தலையில் போட்டு ஓடியது,
தெருவின் தார் உருகி என் செருப்பைப் பிடுங்கிக்கொண்டது,
ரயிலில் ஏறி நிலக்கரி திருடிய குளிர்காலம்,
ஏகோன் திரும்பாதது,
திரும்பாததற்கும் முத்திரை குத்தி ஒரு தாள் தந்தது.
'பாவம் நீ' என்பாள்,
ஆரஞ்சில் பாதியைப் பிட்டு நீட்டுவாள்.
வாங்கிக்கொள்வேன்.

கோட்டைப் பற்றி மட்டும்
கோட்டு என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

துறைமுகக் கிடங்கில் ஏலத்தில் எடுத்தது.
நாற்பத்திரண்டு, பிப்ரவரி. பன்னிரண்டு மார்க்.
கட்டில்கள், தையல் மெஷின்கள், ஒரு பியானோ,
பல் பதிந்த கைப்பிடியோடு ஒரு தொட்டில்.
எங்கிருந்து வந்தவை என்று ஏலக்காரர் சொல்லவில்லை.
நாங்களும் கேட்கவில்லை.
ஒன்றைக் கேட்காமல் இருக்க
எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்!

உள்துணியில் சிவப்பு நூலில் ஒரு பெயர்,
எம். ஹைல்புட்.
பிரித்துவிடலாம் என்று கத்தரியை எடுத்தேன்.
நுணுக்கமான தையல்.
துணி கிழிந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.
துணிக்குத்தான் பயந்தேன்.

பன்னிரண்டு வருடமாக அந்தப் பெயர்
என் முதுகில் உரசிக்கொண்டிருக்கிறது.
பொனெகில்லா முகாமில், தகரக் கூரையின் கீழ்,
ஈயும் ஆட்டுக்கறி வாடையும் மொய்க்கும் வெயிலில்
அதிகாரி கேட்டார், உடைமைகள் என்னென்ன?
'ஒரு கோட்டு. என்னுடையது.'
யாருடையது என்று
அவர் கேட்கவே இல்லை.

இந்த மே மாதக் குளிரில் உள்துணி விட்டுப்போனது.
லைகன் தெருவில் ஒரு தையல் கடை,
போலந்திலிருந்து வந்தவள், ஃபைகா என்று பெயர்.
வாய் நிறையக் குண்டூசி.
கோட்டை உட்புறம் வெளியாகப் புரட்டினாள்.
ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து
மேசையில் வைத்தாள்.
நான் இங்கிலீஷில்தான் பேசினேன்.
அவள் ஜெர்மனில் கேட்டாள்:
'யார் இது?'
'என் அக்கா.'
'உயிரோடு இருக்கிறாளா?'

வெளியே டிராம் ஒன்று
நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

'தெரியாது' என்றேன்.
அந்தக் கோட்டைப் பற்றி
நான் வாய்திறந்து சொன்ன முதல் உண்மை.

அவள் சீட்டு எழுதினாள்.
வியாழக்கிழமை. எட்டு ஷில்லிங்.
என் பெயரைக் கேட்கவில்லை.
அக்கா என்றேனே, போதாதா?
'மிஸ் ஹைல்புட்' என்று எழுதி
மை காய ஊதிக் கொடுத்தாள்.

மூன்று வியாழன் போய்விட்டது.
நுன்ட்சியா கொடுத்த ஸ்வெட்டரில் முழங்கை ஓட்டை.
காற்று உள்ளே வருகிறது.
எட்டு ஷில்லிங் இருக்கிறது, சீட்டும் இருக்கிறது.
போனால் கொடுத்துவிடுவாள்,
ஆனால் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள்.
கடையில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.
நான்தான் எழுந்து போக வேண்டும்.