வாய்க்காலுக்குக் குறுக்கே

யார் பக்கம் என்று சொல்லாமல்
போய்விட்டது காற்று.
பாப்லர் மரம் வாய்க்காலுக்குக் குறுக்கே கிடந்தது.
வேர் அவள் கொல்லையில்,
தலை என் உருளைக்கிழங்குப் பாத்தியில்.

ஜுமாதில் ரம்பத்தோடு வந்தான்.
சிறு கிளைகளை அறுத்துத் தள்ளிவிட்டு,
நீளமாய்ப் போன ஒரு பெருங்கிளையில் மட்டும் நின்று
எங்கே வெட்ட, என்றான்.
இங்கே, என்றேன்.
அங்கே, என்றாள்.
எஞ்சினை அணைத்துவிட்டு
டீ குடிக்கப் போனான்.

நாரின் பள்ளத்தாக்கில் மே மாதம்
மரத்துக்குள் நீர் ஏறும் மாதம்.
இப்போது உரித்தால்
ஈரக் காலுறைபோல் கழன்று வரும் பட்டை.
பத்து நாள் போகட்டும்,
கட்டையைக் கட்டிக்கொண்டு
விடமாட்டேன் என்னும்.
அதற்கும் அடியில் வண்டு குடிவந்திருக்கும்.

எனவே வழக்கைத் தீர்க்காமலே
வேலையில் இறங்கினோம்,
அடியிலிருந்து அவள்
நுனியிலிருந்து நான்.

என் கையில்
காமாஸ் லாரியின் உடைந்த பட்டா.
வாய்க்கால் கல்லில் தீட்டி
சைக்கிள் ட்யூப் சுற்றிப் பிடி போட்டது.
நிலத்துக்கு ஒரு பட்டா உண்டு என்கிறார்கள்,
கிராம அலுவலகத்து அலமாரியில்,
மாமனார் பெயரில்,
எலி மிச்சம் வைத்திருந்தால்.
பட்டை உரிக்க
இந்த இரும்புப் பட்டா போதும்.

பூபுசைரா எனக்கு ஓரகத்தி.
அவள் கையில் கத்தி இல்லை, கரண்டி.
பள்ளிக்கூடச் சமையலறையில்
முப்பது வருஷம் கஞ்சி கிண்டி
ஒரு பக்கம் தேய்ந்த கரண்டி.
தேய்ந்த பக்கத்தை அரத்தால் ராவியிருந்தாள்.

மனசுக்குள் சிரித்தேன்.
பிறகுதான் பார்த்தேன்,
கிளை வளையும் இடத்தில்
என் பட்டா மரத்தைக் கடிக்கிறது,
அவள் கரண்டி
வளைவைக் கேட்டுக் கேட்டுப் போகிறது.

சர்ர்ர் என்று நான்.
சர், சர், சர் என்று அவள்.
மூன்று வருஷத்தில்
நாங்கள் பேசிக்கொண்டது
அன்றைக்கு அவ்வளவுதான்.

உரித்த இடம்
குளிப்பாட்டி எடுத்த குழந்தைபோல் வழுக்கியது.
விரலெல்லாம் மொட்டுப் பிசின்,
மஞ்சள், கசப்பு,
ரொட்டி தின்றால் ரொட்டியிலும் அதே கசப்பு.

மதியம் என் போன் அடித்தது.
எங்கள் புருஷர்கள் அண்ணன் தம்பி.
எகாடெரின்பர்கில் ஒரே அறை, ஒரே கெட்டில்,
ஒரே கட்டில்,
பகலில் ஒருவன், இரவில் ஒருவன்.
என் ஆள் பேசும்போது பின்னால் இருமுவது
அவளுடைய ஆள்.

மரம் யாருக்கு முடிவாச்சு, என்றான்.
நீயே சொல்லேன், என்றேன்.
ஐயோ, என்றது பின்னாலிருந்த இருமல்.
இரண்டு பேரும் சிரித்தார்கள்.
அவர்களுக்கென்ன,
நடுவில் வாய்க்கால் இல்லை.

போனை வைத்தேன்.
அவள் இந்தப் பக்கம் பார்க்காமலே
கேட்டுக்கொண்டிருந்தாள் என்று
கரண்டி நின்றிருந்ததில் தெரிந்தது.
இருமல் எப்படி இருக்கிறது என்று
கேட்க நினைத்தாளோ என்னவோ.
ராத்திரிதான் அதிகமாம், என்றேன்
மரத்தைப் பார்த்து.
சர், என்றாள்.

சாயங்காலம் ஒரு கணுவில் மாட்டிக்கொண்டேன்.
முட்டிபோல் புடைத்த கணு.
சுற்றிலும் பட்டை மடிந்து உள்ளே போயிருந்தது.
பட்டா வழுக்கி
கட்டைவிரலைக் கீறியது.

கரண்டி, என்றேன்.

கொடுக்கவில்லை.
வாய்க்காலைத் தாண்டி அவளே வந்தாள்.
கணுவைச் சுற்றி ஒரு சுற்று,
முட்டைக்குள்ளிருந்து மஞ்சளை வழிப்பதுபோல்.
முடித்துவிட்டு என் பட்டாவுக்குக் கை நீட்டினாள்.
அவள் பக்கத்து நேர்கட்டைக்கு
அதுதான் தோது.
கொடுத்தேன்.

வெளிச்சம் போவதற்குள்
நடுவில் ஒரு சாண் பட்டை மிச்சம்,
மோதிரம்போல்.
அவளும் தொடவில்லை, நானும் தொடவில்லை.
நாளை ஜுமாதில் வந்தால்
கேட்காமலே அறுக்கலாம்,
அவ்வளவு தெளிவாய் இருந்தது எல்லை.

காலையில் வந்தான்.
எங்கே, என்றான்.
இரண்டு பேரும் சுட்டிக் காட்டப் போனோம்.
கிளை நுனிமுதல் அடிவரை
ஒரே வெள்ளை.
மேலே ஒரு காலை வைத்துக்கொண்டு
கடைசி நாரை மென்றுகொண்டிருந்தது
ஆடு.

யாருடைய ஆடு என்று கேட்டான்.
நான் பேசவில்லை.
அவளும்.