எண்ணூறு கிராம்

தூக்கிப் பாருங்கள் என்றான் கடைக்கார டெக்லன்.
இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று,
மீன் வாங்க வந்தவளைப் போல நின்றேன்.
அலுமினியம், பச்சை, இரண்டாயிரத்து நானூறு டாலர்.
கார்பன், கறுப்பு, ஐயாயிரத்து நூறு.
எண்ணூறு கிராம் வித்தியாசம் என்றான்,
பிறந்த குழந்தையின் எடையை
வராந்தாவில் வந்து சொல்லும் நர்ஸின் குரலில்.

எண்ணூறு கிராம்.
என் தண்ணீர் பாட்டில் நிறைந்தால் அவ்வளவு.
இரண்டாவது வளைவுக்குள் குடித்துத் தீர்த்துவிடுவேன்,
அதற்கப்புறம் எந்தச் சைக்கிளும் கார்பன்தான்.
இதை அவனிடம் சொல்லவில்லை.
சிரிக்க வைத்தபின் தள்ளுபடி கேட்பது கஷ்டம்.

அடிலெய்டில் சனிக்கிழமை ஐந்தே முக்காலுக்கு
பேக்கரி வாசலில் கூடுகிறோம், ஆறு பேர்.
குகப்ரியன் பட்டன் தொட்டு கியர் மாற்றுகிறார்.
இரவில் போனுக்குப் பக்கத்திலேயே
சைக்கிளுக்கும் சார்ஜ் போடுகிறார்.
ஹெலனாவுக்கு அறுபத்திரண்டு.
அவள் இரும்புச் சைக்கிள் என் கல்யாணத்துக்கு மூத்தது.
நார்ட்டன் சம்மிட் மலைச்சாலையில்
அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பின்விளக்குதான்:
மேலே மேலே போகும் ஒரு குன்றிமணி.

ஆக, தெரியாமல் இல்லை.
தெரிந்தது ஒரு பக்கம் கிடக்க
ஆசை கிரெடிட் கார்டைத் தேடிக்கொண்டிருந்தது.

அறவாழி எக்செல் போட்டுக் கொடுத்தார்.
கிராமுக்கு மூன்று டாலர் முப்பத்தெட்டு காசு.
சர்வீஸ், இன்சூரன்ஸ், தேய்மானம், எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை.
கடைசி வரிசை மட்டும் காலி.
பத்தொன்பது வருடம் உடன் வாழ்ந்தவளுக்கு
காலி வரிசையும் வாசிக்கத் தெரியும்.
அன்று இரவு முறுக்கு டப்பாவை
மேல் தட்டில் வைத்தேன். ஸ்டூலையும் பக்கத்திலேயே.

லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு
இரண்டையும் ஓட்டிப் பார்க்கச் சொன்னான்.
முதலில் கார்பன்.
பொய் சொல்லக் கூடாது, சுகம்.
சாலையின் சொரசொரப்பு கைக்கு வந்து சேரவே இல்லை,
பெடலை நினைத்தால் போதும், சக்கரம் கேட்டது.
மூன்றாவது வளைவு. யூகலிப்டஸ் மரம்
தன் பட்டையைக் கழற்றிப் போட்டிருக்கும் இடம்.
நான்கு வருடமாகக் கால் ஊன்றும் கல்.
ஊன்றினேன்.
அதே கல், அதே இடது கால், அதே இளைப்பு.
ஐயாயிரத்து நூறு டாலரும்
என்னோடு சேர்ந்து நின்று மூச்சு வாங்கியது.

அடுத்தது பச்சை.
பின்னால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு பல்சக்கரம்.
கொஞ்சம் அதிர்ந்தது, கொஞ்சம் முனகியது.
கல் வந்தது. க்ளிப்பிலிருந்து கால் பாதி கழன்றும் விட்டது.

அப்போதுதான் அந்த மேக்பை.
செப்டம்பர் மாதம், கூட்டில் குஞ்சு,
என் ஹெல்மெட்டில் முள்ளம்பன்றி போலக் குத்தி நிற்கும் கேபிள் டைகள்
அதற்கு ஒரு பொருட்டே இல்லை.
டொக் என்று ஒரு கொத்து. மறுபடி ஒன்று.
ஐயோ என்றது நானா சைக்கிளா தெரியாது.
மிதித்தேன். கியர், சுவாசம், இதயத் துடிப்பு,
படித்ததெல்லாம் பறந்துவிட மிதித்தேன்.
தலை நிமிர்ந்தபோது ஐந்தாவது வளைவு.
கீழே நகரம், அதற்கும் அப்பால்
தகரம் விரித்தாற்போல் கடல்.
அங்கிருந்து கடல் தெரியும் என்று
இத்தனை காலம் யாரும் எனக்குச் சொல்லவில்லை.
ஹெலனாகூட.

பச்சையா? ஏன்? என்றான் டெக்லன்.
நிறம் பிடித்திருக்கிறது என்றேன்.
மணி ஒன்று இலவசமாகத் தந்தான்.

நவம்பரில் குஞ்சுகள் பறந்துவிடும்.
மரம் சும்மா நிற்கும்.
இந்தச் சனிக்கிழமை மூன்றாவது வளைவில்
ஹெல்மெட்டைச் சற்றே உயர்த்திக் காட்டினேன்,
கொத்து என்று.