அடுப்பெரியாத வெள்ளிக்கிழமை

ஏழே கால் மணிக்கு
நீலச் சுடர் ஒருமுறை துள்ளி
அணைந்தது.
சிலிண்டரைச் சாய்த்துப் பார்த்தேன், உலுக்கினேன்,
அடிப்பக்கம் வெந்நீரை ஊற்றினேன்.
ஹாரிஸ் மோமினுக்குப் போன் செய்தால்
"வெள்ளிக்கிழமை அக்கா, ஜம்மியாவில் கேஸ் கடை சாத்தியாச்சு,
காலையில் பார்க்கலாம்" என்கிறான்.
எட்டரைக்கு வருகிறார்கள்
இளம்பரிதி சாரும் தமயந்தி அக்காவும்.

மங்காஃபில் மூன்று வாரமாக இதுதான் பேச்சு:
கம்பெனியில் ஆள் குறைக்கிறார்களாம்.
லிஃப்டில் சொன்னார்கள், சர்ச் வாசலில் சொன்னார்கள்.
"நெருப்பில்லாமல் புகையுமா" என்று
மூன்றாம் மாடி ஜெசிந்தா
துணி காயப்போட்டபடியே தீர்ப்புச் சொன்னாள்.
பட்டியல் இளம்பரிதி சார் மேசையில் இருக்கிறதாம்.
அதனால்தான் விருந்து.
இதை நானும் ஜெரால்டும்
ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

மசாலா தடவிய வஞ்சிரத்தை
அப்படியே ஃபிரிட்ஜுக்குத் திருப்பி அனுப்பினேன்,
ஹால் டிக்கெட் மறந்துவிட்டு வந்த பிள்ளையைப் போல.
அங்கேதான் இருந்தது,
ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்று
ஜெரால்டு வாங்கி நான் திட்டிய
புகையூட்டிய கானாங்கெளுத்தி, இரண்டு பாக்கெட்.
கத்தரியால் வெட்டினேன்.
எங்கோ குளிர்நாட்டில் எந்த மரத்தின் புகையோ,
என் செத்த அடுப்பின் மேல்
ஏதோ எரிந்தது போல் ஒரு மணம்.

தோல் ஒரே இழுப்பில் வந்தது.
முள்ளை விரல்தான் கண்டுபிடிக்கும், கண் அல்ல.
பாதியை உதிர்த்து லபனேயில் பிசைந்து
இடித்த மிளகு, எலுமிச்சை, பொடியாய் ஒரு பச்சை மிளகாய்.
உப்புக்குப் போன கையை நானே தட்டிவிட்டேன்,
மீனிலேயே கடல் மிச்சம் இருக்கிறது.
வெள்ளரி வட்டத்துக்கு ஒரு கரண்டி,
மேலே மாதுளை முத்து மூன்று.
மீதியைப் பட்டையாய்க் கீறி
குப்பூஸ் முக்கோணங்களின் மேல் வெங்காயத்தோடு.
சதகுப்பைக் கீரையைக் கிள்ளி வைத்ததும்
தட்டுக்கு ஒரு திமிர் வந்தது.
பதினெட்டு நிமிடம்.
வியர்க்காமல் விருந்து வைப்பது இதுவே முதல் தடவை,
அதுவும் ஆகஸ்டில்.

வந்தார்கள்.
"ஹோட்டல் மாதிரி இருக்கே" என்றார் தமயந்தி அக்கா.
"இப்போ இதுதான் ஃபேஷன்" என்றான் ஜெரால்டு,
என் முகம் பாராமல்.
இளம்பரிதி சார் ஒன்று எடுத்தார்.
இரண்டு. ஐந்து.
ஆறாவதைக் கையில் வைத்துக்கொண்டு,
"பட்டியலை நான்தாம்மா டைப் பண்ணேன்.
முதல் பேரு என்னோடது" என்றார்.
பிறகு அதையும் வாயில் போட்டுக்கொண்டார்.
ஏ.சி. மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

தண்ணீர் எடுக்க அடுப்படிக்கு வந்த தமயந்தி அக்கா
குமிழைத் திருகிப் பார்த்தார். மறுபடி திருகினார்.
என்னைப் பார்த்தார்.
சிரிப்பு அவருக்குத்தான் முதலில் வந்தது.
"எங்க வீட்டுல போன வாரந்தான் மாத்தினோம்.
முழு சிலிண்டர்.
யாருக்கு வச்சுட்டுப் போறது?"

பத்தரை மணிக்கு
நான்கு பேரும் தெருவில் நடந்தோம்.
ஈரக் காற்று கண்ணாடியில் படியப் படிய
இளம்பரிதி சார் துடைத்துக்கொண்டே வந்தார்.
ஜெரால்டு கையில் வஞ்சிரச் சட்டி.
இரண்டாவது பேர் யாருடையது என்று
இதுவரை யாரும் கேட்கவில்லை.
"எண்ணெய் இருக்கா அக்கா?"
என்று மட்டும் கேட்டேன்.