ஏழரைக்கு ஒன்று குறைவு

சங்ககிரி புறவழிச்சாலை, இரவு பதினொன்றே கால்.
எடைமேடை அறையில் அம்மாவுக்கு நைட் ஷிஃப்ட்.
திரையில் சிவப்பு எண்கள் ஏறி, இறங்கி, தயங்கி
ஒரு முடிவுக்கு வர மூன்று விநாடி.
எனக்கு ஆறு செமஸ்டர் ஆயிற்று.

எடைச்சீட்டின் முதுகில் மறுபடியும் போட்டுப் பார்க்கிறேன்.
கணிதம் நான்கு கிரெடிட். பி, அதாவது ஆறு.
நாலாறு இருபத்துநாலு.
மின்சுற்று மூன்று கிரெடிட். ஏ, அதாவது எட்டு.
மூவெட்டும் அதே இருபத்துநாலு.
இப்படியே கூட்டிக்கொண்டு போனால்
நூற்றிருபது கிரெடிட்டுக்கு
எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது.
வகுத்தால் ஏழு புள்ளி நாலு ஒன்பது ஒன்று,
பிறகு ஆறு ஆறு ஆறு என்று
சீட்டின் ஓரம் கிழியும் வரை.

கம்பெனி கேட்பது ஏழரை.

ஏழரை விலகட்டும் என்று
ஊரே சனிக்கிழமை எள் விளக்கேற்றுகிறது.
எனக்கு மட்டும் அது
பிடிக்க மாட்டேன் என்கிறது.

தொண்ணூற்றொன்று எடுத்தால் ஓ.
பார்க்கப் பூஜ்யம், மதிப்போ பத்து.
தொண்ணூறு என்றால் ஏ பிளஸ், ஒன்பதுதான்.
இயற்பியலில் நான் அறுபத்தொன்று, மௌனிகா எழுபது,
இருவருக்கும் ஒரே பி பிளஸ்.
என் ஒன்பது மார்க் எங்கேடி போச்சு என்று
அவள் கேட்டாள்.
நான் கேட்கவில்லை.

தமிழர் மரபில் எனக்குத் தொண்ணூறு.
ஒரே கிரெடிட், ஒருத்தரும் படிக்காத தாள்.
ஏறுதழுவுதலுக்கு ஒன்றரைப் பக்கம் எழுதி
இது போதும் என்று பேனாவை மூடினேன்.
இன்னும் நாலு வரி எழுதியிருந்தால்
தொள்ளாயிரம்.

கிழங்கு இறக்கிவிட்டுக் காலியாய்த் திரும்பிய லாரி
மேடையில் ஏறி நிற்கிறது.
ஐயாயிரத்து அறுநூற்று நாற்பது.
சாயங்காலம் ஏற்றி வந்தபோது
பதினாலாயிரத்து எண்ணூற்று எழுபது.
கழித்தால் கிழங்கு.
"எத்தன பாயிண்ட்டுங்க?" என்கிறாள் அம்மா.
"இருபத்தாறு," என்கிறார் குழந்தைவேலு, கடுப்பாக.
"ஒம்பது டன்னுல நாலு கிழங்க எடுத்துத்
தண்ணில அமுக்கிப் பாத்துப்போட்டு
மாவு பத்தலைங்கறான் மில்லுக்காரன்.
வேற நாலு எடுத்திருந்தா
இருபத்தெட்டு நின்னிருக்கும்."

எனக்கும் அந்த நாலு கேள்விகள் ஞாபகம் வருகின்றன.

ஆனால் அவருக்குக் காலி எடை உண்டு.
என்னைக் காலியாய் யாரும் நிறுத்திப் பார்க்கவில்லை.
தமிழில் பன்னிரண்டு வருஷம் படித்துவிட்டு
முதல் செமஸ்டரில்
கரும்பலகையைப் படம் பார்ப்பதுபோல் பார்த்தேனே,
அந்த நாலு மாதம்
இன்னும் இறங்காமல்
வகுபடும் எண்ணுக்குள் உட்கார்ந்திருக்கிறது.
சராசரிக்கு மறதி கிடையாது.
இனி பத்துப்பத்தாய்க் கொட்டினாலும்
அதன் மேல்தான் கொட்ட வேண்டும்.

"எத்தன கொறையுது கண்ணு?"
"ஒண்ணு."
"ஒரு மார்க்கா?"
"ஒரு பாயிண்ட். ஒரு மார்க்குனாலும் ஒண்ணுதான்."
"எழுதிக் கேக்கலாமில்ல?"
"மறுமதிப்பீட்டுக்குக் கடைசித் தேதி போயி
ரெண்டரை வருஷமாச்சுமா."

அம்மா எதுவும் சொல்லவில்லை.
மிக்சர் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினாள்.
பருத்திக்கொட்டை லாரி ஒன்று வந்து போனது.
அதற்கப்புறம் சாலையில்
வெறும் சோடியம் விளக்கு.

கால் மரத்துப்போய் வெளியே நடந்தவள்
மேடை நடுவில் வந்து நின்றுவிட்டேன் போல.
"நகராம நில்லு," என்று ஜன்னலில் குரல்.
போன மாதம் ரத்ததான முகாமில் பார்த்தது
நாற்பத்தொன்பது. ஒரு கிலோ பத்தாதென்று
திருப்பி அனுப்பினார்கள்.

"அம்பதுங்குது," என்றாள் அம்மா.
"இது பத்துப் பத்தாத்தான் பேசும்.
நடுவுல இருக்கறதெல்லாம் அதுக்குத் தெரியாது."

கொஞ்ச நேரம் இரும்புத் தகட்டின் மேலேயே நின்றேன்.
பகல் வெயில் அதில் இன்னும் மிச்சமிருந்தது.

"சீட்டு அடிக்கட்டுமா?" என்றாள்.
"அறுவது ரூவா ஆகும்."